மைனஸ் இருபத்திநாலில் மஞ்சள் தண்ணீர்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நேரம் சரியாக நினைவிருக்கிறது, ஏனென்றால் வாளியைத் தூக்குமுன் குசினி மணிக்கூட்டைப் பார்த்து, "பத்து மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு, வடிவாய்க் காய்ஞ்சிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளியே மைனஸ் இருபத்திநாலு. வாளிக்குள் ஆவி பறக்க மஞ்சள் தண்ணீர். அதைத் தூக்கியவள் ஊரில் ஏழு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். (நீர் எத்தனை பாகையில் உறையும் என்று சொல்லத் தெரியாத பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிற்பாட்டியவள். இப்போது எங்கெங்கோ இருக்கும் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

அன்று பத்து மணிக்கு எங்கள் வீட்டைப் பார்வையிட ஒரு பெண்மணி வருவதாக இருந்தது. வீட்டிலேயே கார்டெரி நடத்துவதற்கு, அதாவது ஆறு சின்னப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்ப்பதற்கு, நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். அதற்காக இரண்டு வருடம் பிரெஞ்சு வகுப்பு, பிறகு பிள்ளை பராமரிப்பு வகுப்பு, ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கி முதலுதவிச் சான்றிதழ். தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வேலையையும் விட்டாயிற்று. வருகிறவர் சரி என்றால் கார்டெரி. இல்லையென்றால் திரும்பவும் பெட்டி.

நான் சாதாரண நாளிலேயே பதறுகிறவள். வருகிற நாள் குறிப்பிட்டுக் கடிதம் வந்ததும் வீட்டுக்குள் துடைக்காத இடமில்லை. பல்பைக் கூடக் கழற்றித் துடைத்தேன். அப்போதுதான் மகள் மீரா வாயைத் திறந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. குறை கண்டுபிடிப்பதற்கு அதைவிட நல்ல வயதில்லை.

"அம்மா, உள்ளுக்கு எல்லாம் ஓகே. வெளியில போர்ச்சைப் பாத்தனீங்களா? நத்தார் லைட் இன்னும் தொங்குது. ஆக்கள் எல்லாம் விண்டர் டெக்கோர் மாத்தியிட்டினம்."

விண்டர் டெக்கோர் என்று ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அடுக்குமாடியை விட்டு, பிரெஞ்சு பேசும் இந்தப் புரோசார்ட்டில் தனிவீட்டுக்கு வந்து இரண்டாவது மாரிக் குளிர். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்தால் விளக்கைக் கழற்றுவது சரி. அதற்குப் பிறகு குளிருக்கென்று வேறாக வாசலை அலங்கரிப்பது என்ன பழக்கம்? கழுத்துச் சுளுக்குக்கு மாலை போடுவதுபோல. ஆனால் எதிர்வீட்டு மதாமின் வாசலை எட்டிப் பார்த்தேன். இரண்டு சாடிகளில் பச்சைப் பைன் கொப்புகள், வெள்ளை மரக் குச்சிகள், சிவப்புக் காய்கள், ஒரு பழைய மரச் சறுக்குவண்டி. எங்கள் வாசலில் பனி அள்ளும் சவளும் ஒன்பது சோடிச் செருப்பும்.

பைன் கொப்புக்கு எங்கே போவது? தெரு முழுக்க ஆட்கள் தங்கள் நத்தார் மரங்களைக் குப்பைக்காரருக்காக வெளியே போட்டிருந்தார்கள். அதில் ஒன்றை இழுத்துவந்தேன். மீரா பத்தடி பின்னால், வேறு யாரோ வீட்டுப் பிள்ளைபோல நடந்துவந்தாள். மீன் வெட்டும் கத்தியால் கொப்புகளைத் தறித்து, கோடையில் கறிவேப்பிலை நின்ற இரண்டு சாடிகளில் குத்தி, மேல்படியின் இரண்டு பக்கமும் வைத்தேன். ஒரு கொப்பில் வெள்ளிச் சரிகை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றவில்லை, வடிவாக இருந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்மணி வரும் நாள் தைப்பொங்கல். வாசலை இவ்வளவு அலங்கரித்துவிட்டுப் பொங்கலன்று கோலம் போடாமல் விடுவதா? கழுவாத வாசலில் கோலம் போடுவதா? மஞ்சள் கலக்காமல் கழுவுவதா? இப்படி ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாகத்தான் நான் ஆறு நாற்பதுக்கு வாளியோடு நின்றேன். சுடுதண்ணீர் என்றால் உறையாது என்பது என் கணக்கு.

ஊற்றினேன். புகைமூட்டம்போல ஆவி எழும்பியது. கோலமாவை எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன். அதற்குள் வாசலும் நாலு படிகளும் கண்ணாடி போட்டதுபோல மினுங்கின. நல்ல தடித்த, மஞ்சள் கண்ணாடி. வழிந்தது கீழே பனியிலும் ஊறி, அங்கங்கே மஞ்சள் திட்டாக நின்றது.

மூளை உடனே வேலை செய்தது. உப்பு பனியின் உருகுநிலையைக் குறைக்கும். நானே படிப்பித்தது. குசினியிலிருந்த மேசை உப்பு முழுவதையும் கொட்டினேன். இந்தக் குளிருக்கு உப்பும் எடுபடாது என்பது பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கம் வரைக்கும் போவதில்லை. பிறகு, கால் வழுக்காமல் இருக்கட்டும் என்று கோலமாவையும் தூவினேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வேலைக்குப் புறப்பட்டு, சாப்பாட்டுப் பையோடு கதவைத் திறந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கால் வைத்துவிட்டார். மற்றக் கால் வைத்ததை நான் காணவில்லை. சாடியைப் பிடித்தார். சாடியும் கூட வந்தது. நாலு படியையும் குந்தியபடியே இறங்கி, பைன் கொப்புகளுக்கு நடுவில் போய் நின்றார். தலையில் வெள்ளிச் சரிகை.

"விழுந்திட்டீங்களோப்பா?" என்றேன்.

"இல்லை, படி சரியோ எண்டு இருந்து பாக்கிறன்," என்றார். கொஞ்ச நேரம் கையால் பனியைத் தடவிப் பார்த்தார். "என்னப்பா இது? என்ன ஊத்தினனீர்?"

"மஞ்சள் தண்ணி. பொங்கலெல்லோ, வாசல் கழுவினனான்."

"இஞ்ச ஆர் தையில வாசல் கழுவுறது? இனிப் பங்குனி வரைக்கும் இது இப்பிடியே கிடக்கும். ஒரு மியூசியமாய் வைச்சிரும்."

மீரா கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, அந்த லேடி பத்து மணிக்கு வாறா," என்றாள். (தெரியாத விஷயம்.)

என் கணவர் வேலைக்குப் போகவில்லை. இடுப்பைப் பிடித்தபடி தவழ்ந்து மேலே ஏறினார். சவளால் கொத்தினோம். சவளின் விளிம்பு மடிந்தது. அப்போதுதான் எனக்கு இரும்பு உலக்கை நினைவுக்கு வந்தது. மிளகாய் இடிக்கிற உலக்கை. மேல்படியில் இருந்துகொண்டு இரண்டாம் படியில் ஓங்கிப் போட்டேன். பனி வெடிக்கவில்லை. பலகை வெடித்தது. உலக்கை உள்ளே போய் விழுந்த சத்தம் கேட்டது. ஆறு குழந்தைகள் ஏறி இறங்கப்போகும் படியில் ஒரு பானை வாயளவு ஓட்டை.

பின்கதவால் கூட்டிவரலாம் என்றால் பின்வளவில் இடுப்பளவு பனி. அதை அள்ளக்கூடிய இடுப்பு வீட்டில் ஒன்றுதான், அதுவும் அன்று காலை பிடித்துக்கொண்டது.

மிச்சம் கிடந்த கொப்புகளையெல்லாம் பொறுக்கி ஓட்டைக்கு மேலேயும் மஞ்சளுக்கு மேலேயும் பரப்பினேன். மீரா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"டெக்கோரா அம்மா இது? யானை பிடிக்கிற குழி மாதிரிக் கிடக்கு."

சரிதான். ஓட்டையை மறைப்பது அதைவிட ஆபத்து என்று உறைக்கவே, கொப்புகளைத் திரும்ப இழுத்து எறிந்தேன். உள்ளே அடுப்பில் வைத்திருந்த பொங்கல் அடிப்பிடித்து மணந்தது. மணி பத்து.

கார் வந்து நின்றது. நீலக் கம்பளிக் கோட்டோடு, கையில் கோப்போடு, அமைதியான முகமுள்ள ஒரு பெண்மணி இறங்கினார். படியடியில் வந்து நின்றார். மஞ்சள் பனியைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். உப்பும் மாவும் கலந்த திட்டுகளைப் பார்த்தார். இரண்டு வருடம் படித்த பிரெஞ்சில் எனக்கு ஒரேயொரு சொல்தான் வந்தது. "போன்ழூர்" என்றேன். அவர் இன்னும் படியையே பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்பவும் சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன்.

அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளைத் தேடி எடுத்தார். மீரா மெல்லிய குரலில் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"அம்மா, வீட்டில மிருகம் ஒண்டும் இல்லை எண்டு நீங்கள் எழுதியிருக்கிறீங்களாம். அப்ப எத்தினை நாய் எண்டு கேக்கிறா."

எனக்கு விளங்க அரை நிமிடம் பிடித்தது: இந்த ஊரில் பனி மஞ்சளாக இருந்தால் அது நாய் மூத்திரம் போன இடம். விளங்கியதும் உள்ளே ஓடி மஞ்சள்தூள் பைக்கற்றோடு வந்து, நீதிமன்றத்தில் சான்றுப்பொருள் காட்டுவதுபோல உயர்த்திப் பிடித்தேன். மீரா பொங்கல், சூரியன், வாசல் கழுவுவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரெஞ்சில் சொன்னாள். கடைசியில், "எங்கட அம்மா முந்தி சயன்ஸ் டீச்சர்," என்றும் சொன்னாளாம். அது தேவையில்லாத வேலை.

அவரால் மேலே ஏறமுடியாது, எங்களால் கீழே இறங்கமுடியாது. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பவும் முடியாது. ஒரு கோப்பையில் அடிப்பிடிக்காத பக்கத்துப் பொங்கலை எடுத்து, சவளில் வைத்து, நாலு படிக்கும் மேலால் நீட்டினேன். அவர் கையுறையைக் கழற்றி எடுத்துக்கொண்டார். ஒரு கரண்டி சாப்பிட்டார். பிறகு இன்னொரு கரண்டி. மைனஸ் இருபத்திநாலில் நின்றபடி முழுவதையும் முடித்து, வெறும் கோப்பையைச் சவளில் வைத்தார். அதற்குப் பிறகுதான் கோப்பினை மூடி, தன் முடிவைச் சொன்னார்.

சித்திரையில் அவர் திரும்பி வந்தார், புதுப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், பதினொரு வருடம் எங்கள் வீட்டில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். அதெல்லாம் எல்லாருக்கும் மறந்துவிட்டது. மறக்காதது அன்று அவர் சொன்னது மட்டும்தான். நான் கோப்பை கழுவப் போனாலும் சரி, கார் கழுவப் போனாலும் சரி, என் கணவரும் மகளும், இப்போது மருமகனும் சேர்ந்து, கோப்பினை மூடிய அவருடைய அதே கையசைவோடு, அதே அமைதியான பிரெஞ்சில் சொல்லுவார்கள்:

"மதாம், நான் ஏப்ரலில் வருகிறேன். அதுவரைக்கும் தயவுசெய்து எதையும் கழுவாதீர்கள்."