ஜம்புநாதன் வீட்டுத் தரை மேம்பாடு

வீட்டுக்குத் தரை அவசியம் என்பதில் இதுவரை யாரும் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை. கூரை ஒழுகினால் கொல்கத்தாக்காரர்கள் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு அரசியல் பேசப் போய்விடுகிறார்கள். தரை விஷயத்தில் அப்படிச் சமாளிக்க முடியாது. எனவே லேக் மார்க்கெட் பக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருக்கும் ஜம்புநாதன், தம் வீட்டுத் தரையை மாற்றத் தீர்மானித்தது முற்றிலும் முறையான காரியமே.

காரணமும் முறையானதுதான். அவர் மனைவி கோமதி மாமி ஒரு மழை நாளில் ஹாலில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். இந்த ஊர் மழைக்காலத்தில் மனிதர்களைவிட மொசைக் தரைக்கு அதிகமாக வியர்க்கும். கட்டுப் போட்ட டாக்டர், கட்டைப் பிரித்ததும் வீட்டுக்குள்ளேயே தினமும் நடந்து பழக வேண்டும், இல்லாவிட்டால் கால் விறைத்துப்போய் ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான், அதற்குள் தரையை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். மாமிக்கு இருந்த ஆசை ஒன்றுதான். முன்போல லேக் மார்க்கெட்டுக்குத் தானே நடந்துபோய்க் கறிவேப்பிலை வாங்கிவர வேண்டும். ஜம்புநாதனை அனுப்பினால் வேப்பிலையை வாங்கிவந்து, இங்கே இதையும்தான் சாப்பிடுகிறார்கள் என்று வாதாடினார்.

அவரைக் குறை சொல்லக் கூடாது. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் சங்கிலி முதல் குண்டூசி வரை வாங்கியிருக்கிறார். வாங்கிய பொருள் யாருக்காவது பயன்பட்டதா என்பது வேறு பிரிவின் கவலை.

"ஏன்னா, வழுக்காத தரையா ஒண்ணு போட்டுடுங்கோ. நேக்கு அவ்வளவுதான் வேணும்" என்றாள் மாமி.

"போட்டுடலாம். ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்கு, கோமதி."

முறை என்றால் குழு. தலைவர் ஜம்புநாதன். அழகுணர்ச்சி உறுப்பினர், அவர்கள் பெண் சஹானா. அடுத்தவர் வீட்டு ஹால்களை நாள் முழுக்க போனில் பார்த்துப் பெருமூச்சு விடுபவள். வெளி நிபுணர், கீழ்வீட்டு கௌசிக் பாபு. அடுக்ககச் சங்கத்தின் செயலாளரான அவர், துர்கா பூஜைப் பந்தல் கமிட்டியிலும் பல வருஷம் இருந்தவர். மூங்கிலையும் துணியையும் வைத்து அரண்மனை கட்டி, பூஜை முடிந்ததும் பிரித்துவிடும் அனுபவம் அவருக்கு உண்டு.

"நானும் குழுவுல இருக்கேனே?" என்று மாமி கேட்டாள்.

"நீ எப்படி இருக்க முடியும்? நடக்கப்போறவளே நீதானே! பயனாளி உள்ளே வந்தா நடுநிலை கெட்டுடும்."

மாமி நடுநிலையைக் காப்பாற்றும் பொருட்டுக் கட்டிலிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

குழு பவானிபூரில் ஒரு பெரிய டைல்ஸ் கடைக்கு விஜயம் செய்தது. விற்பனைப் பிரதிநிதி விக்ரம் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்துவிட்டு, "சார், தரை நடப்பதற்கா, பார்ப்பதற்கா?" என்று கேட்டான்.

குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கோணம் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"இரண்டுக்கும்" என்றார் ஜம்புநாதன்.

முதலில் சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டினான். வழுக்கவே வழுக்காது என்றான்.

"அப்பா, ப்ளீஸ்! இது பாத்ரூம் டைல். ஹால்ல போட்டா வர்றவா சோப் எங்கேன்னு கேப்பா" என்றாள் சஹானா.

"ஜம்பு தா, நாலு பேர் வந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?" என்றார் கௌசிக் பாபு. தா என்றால் வங்காளத்தில் அண்ணா.

ஜம்புநாதன் கண்ணை மூடி யோசித்தார். ஒரு தரை எவ்வளவு வழுக்கும் என்று அளக்க வேண்டுமானால் யாராவது அதில் விழ வேண்டும். விழுந்து பார்க்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அளக்க முடியாத குணத்துக்கு மதிப்பெண் கொடுப்பது முறைகேடு. ஆகவே வழுக்காமை என்ற அம்சம் நேர்மையின் அடிப்படையில் நீக்கப்பட்டது. பளபளப்பை அளப்பது சுலபம். குனிந்தால் முகம் தெரிய வேண்டும். தெரிந்தது. பெயர் இத்தாலியிலும் உடம்பு குஜராத்திலும் பிறந்த ஒரு கண்ணாடி டைல் ஒருமனதாகத் தேர்வாயிற்று.

"வழுக்காதே?" என்று ஜம்புநாதன் கடமைக்குக் கேட்டுவைத்தார்.

"ஈரம் படாவிட்டால் வழுக்காது, சார்."

"கொல்கத்தாவில் ஈரம் படாமல் எப்படி?"

"அது வானிலை, சார். அதற்குக் கம்பெனி பொறுப்பாகாது."

அந்தப் பதிலில் இருந்த முதிர்ச்சியைக் கண்டு ஜம்புநாதனுக்கு அவன்மேல் மரியாதையே வந்துவிட்டது. தம் அலுவலகத்தில் இப்படிப் பதில் சொல்ல ஆட்களைப் பழக்க எத்தனை வருஷம் பிடித்தது!

வேலை தொடங்கியது. மாமியைக் கட்டிலோடு, இந்த ஊர் வழக்கப்படி கட்டிலுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கற்களோடு, அறை அறையாக இடம் மாற்றினார்கள். சாம்பாரில் சிமெண்ட் தூள் விழுந்தது. பூஜைக்கு முன் தரை தயாராகி, கௌசிக் பாபு ரிப்பன் வெட்டினார். அந்த வாரமே மாமிக்குக் கட்டையும் பிரித்தார்கள்.

பிறகு விக்ரம் வந்து பராமரிப்பு முறைகளை விளக்கினான். தண்ணீர் விட்டுத் துடைக்கக் கூடாது. செருப்பு கீறும். வெறுங்கால் எண்ணெய்த் தடம் பதிக்கும். டாக்டர் கொடுத்த வாக்கரின் ரப்பர் கால் கறுப்புக் கோடு போடும். போட்டால் உத்தரவாதம் ரத்து. சாக்ஸ் அணிந்து நடமாடலாம்.

"சாக்ஸைப் போட்டுண்டு இந்தக் கண்ணாடி மேல கால் வெச்சா நேரா ஹௌரால போய்தான் நிப்பேன்" என்றாள் மாமி.

"அதனாலதான் நடக்காதேங்கறேன்" என்றார் ஜம்புநாதன்.

"நடக்கத்தானே தரை போட்டேள்?"

"தரை போட்டது நீ நடக்கறதுக்கு. அதைப் பராமரிக்கணும்னா நீ நடக்கப்படாது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

மாமி அன்று அழுதாள். கணுக்கால் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டு வந்தது. ஆனால் பூஜை முடிந்து இனிப்போடு பெரியவர்களைப் பார்க்க வந்த கூட்டம் வாசற்படியிலேயே நின்று, "தாருண், பௌதி! தாருண்!" என்று வாயைப் பிளந்தது. அண்ணி, பிரமாதம் என்று பொருள். இரண்டாவது மாடி ராஜலக்ஷ்மியோ, "உங்காத்துத் தரை மாதிரி இந்த பில்டிங்லயே கிடையாது, மாமி" என்று பெருமூச்சு விட்டாள். மாமிக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. வலிக்கிற காலோடும் பெருமைப்பட முடியும்.

பெருமை ஒரு வீட்டோடு நிற்கவில்லை. கௌசிக் பாபு அதே டைலைப் போட்டார். ராஜலக்ஷ்மி வீட்டில் போட்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அடுக்ககம் முழுக்கப் பளபளத்தது. யாரும் வீட்டுக்குள் நிம்மதியாக ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை.

மாமி இதற்கெல்லாம் முன்பே வழி கண்டுபிடித்திருந்தாள். வீட்டுக்கு வெளியே பொது வராண்டாவில் பழைய சிமெண்ட் தரை. நிறம் மங்கியது, சொரசொரப்பானது, யார் கண்ணிலும் படாதது. தினமும் காலையில் சுவரைப் பிடித்தபடி ஹாலைத் தாண்டி, வாசலுக்கு வெளியே வைத்திருந்த வாக்கரோடு அங்கே நடந்தாள். கால் மெல்ல மெல்ல மடங்கியது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது, கைத்தடியும் போயிற்று. ஒருநாள் தானாகவே படியிறங்கி, மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதைக் கண்டு முழங்கால் வலிக்காரியான ராஜலக்ஷ்மியும் வந்தாள். கௌசிக் பாபுவின் மாமனார் வந்தார். பிறகு ஆரோக்கியமானவர்களும் வந்தார்கள். மோடா என்கிற மூங்கில் முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள், பேப்பர் படித்தார்கள். வீடுகளுக்குள் தரை மட்டும் குடியிருந்தது.

இத்தனை கௌரவமான மனிதர்கள் இவ்வளவு அசிங்கமான வராண்டாவில் புழங்குவதைச் சங்கச் செயலாளரால் பொறுக்க முடியவில்லை. கௌசிக் பாபு வராண்டாவிலேயே அவசரக் கூட்டம் கூட்டினார். வராண்டா மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. தரை விஷயத்தில் அனுபவசாலி என்பதால் கோமதி மாமியையும் உறுப்பினராக்கி நாற்காலி போட்டார்கள். மாதிரி டைலோடு விக்ரம் வந்து நின்றான்.

ராஜலக்ஷ்மி கூட்டத்தின் ஓரத்தில் இருந்து எழுந்தாள். "மாமி, நீங்களாவது சொல்லுங்கோ. இதையாவது இப்படியே விட்டுடச் சொல்லுங்கோ. என் முழங்காலுக்கு இனிமே இது ஒண்ணுதான் கதி."

மாமி குனிந்து சிமெண்ட் தரையைப் பார்த்தாள். அவள் காலைத் திருப்பிக் கொடுத்த தரை. அது அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நிமிர்ந்து, விக்ரம் கையில் இருந்த டைலைப் பார்த்தாள். அதில் டியூப்லைட்டும் அவள் முகமும் தெரிந்தன.

"பௌதி, உங்கள் அபிப்பிராயம்?" என்று கௌசிக் பாபு பணிவோடு கேட்டார். வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ராஜலக்ஷ்மியின் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஒருத்தர் முழங்காலுக்காக இத்தனை பேரோட மரியாதையை விட்டுக்கொடுக்க முடியுமா, ராஜலக்ஷ்மி?"

ஜம்புநாதனின் கண்கள் பனித்தன. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ராஜலக்ஷ்மியும் கை தூக்கினாள். இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.