வேர்வை முசே தூங்கி வாங்கிய மிஷின்

எழுபத்தைந்தில் சைகோன் விழுந்து, தெரிந்தவர்களெல்லாம் ஊரைவிட்டுப் போனபோது போகாமல் நின்றவன் நான். பழைய ஜீப் உதிரிகளை வைத்துக் கரும்புச்சாறு மிஷின் கட்டினேன். இடிந்த கிடங்கின் செங்கல்லைப் பொறுக்கி வீடு கட்டினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சைகோனின் முருகன் கோயிலுக்குப் பின்சந்தில் மாடி மேல் மாடியாகத் தங்கும் விடுதியையே எழுப்பினேன். ஆனால் வருகிறவர்கள் என்னைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வேர்வை முசே வாங்குன மிஷின் இதானா?"

இந்த ஊரில் வேர்வை முசேயைப் போல வேர்த்த மனிதன் பிறக்கவே இல்லை. காரைக்காலிலிருந்து வந்து பிரெஞ்சுக்காரன் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர்; பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தமுள்ள 'முசே' அங்கேதான் ஒட்டிக்கொண்டது. கம்பெனி போனது, பிரெஞ்சுக்காரன் போனான், வேர்வை போகவில்லை. அவர் எழுந்த நாற்காலியில் உட்கார வருகிறவர்கள், கூரை எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

கோயிலுக்கு வரும் செட்டிநாட்டுக்காரர்கள் என் விடுதியில்தான் தங்குவார்கள். சைகோன் வெக்கையிலும் அவர்களுக்கு விடியற்காலை வெந்நீர் வேண்டும். எல்லா அறையிலும் ஹீட்டரைப் போட்டால் சந்து முழுக்கக் கரண்ட் போய்விடும். தைப்பூசத்துக்குக் கூட்டமாக வரவிருந்த ஓர் ஆச்சி போனில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "வெந்நி இருந்தா வாரோம். இல்லேன்னா பெரிய ஓட்டலுக்குப் போயிருவோம்."

காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் என்று ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, நகரத்தின் ஓரத்தில், தூ டுக்கில் ஒரு கடைக்குக் கிளம்பினேன். முசேயும் பைக்கில் ஏறிக்கொண்டார். மிஷின் பார்க்க அல்ல, பைக்கில் போனால் காற்று வருமே.

கடை இன்ஜினியர் மூன்று மிஷின்களை ஓடவிட்டு விளக்க ஆரம்பித்தார். முசே அவரை நிறுத்தி ஒரு நாற்காலி கேட்டார். ஹீட் பம்ப் ஒரு பக்கம் தண்ணீரைச் சுடவைத்தால் மறுபக்கம் குளிர்ந்த காற்றைத் துப்பும். அந்தப் பக்கம் போய், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"இது ஊதலப்பா. பெருமூச்சு விடுது."

இரண்டாவதுக்கு நகர்ந்தார். "காத்து குடுக்குது. ஆனா குடுத்தத ஊருக்கே சொல்லிக் காட்டுது."

மூன்றாவதன் முன்னால் போய்ச் சாய்ந்தார். தூங்கிவிட்டார்.

"பெரியப்பா, வெந்நீர் அந்தப் பக்கம்" என்று இன்ஜினியர் வியட்நாமியில் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். குறட்டைதான் பதில். எனக்கு ஏதோ தோன்ற, மூன்று தொட்டியின் குழாயையும் திறந்து விரலை நீட்டினேன். மூன்றாவதில் விரல் பழுத்துவிட்டது. இன்ஜினியர் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்: காற்று எவ்வளவு குளிர்ந்து வெளியே வருகிறதோ, அவ்வளவு சூடு தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று அர்த்தமாம். வாங்கிவிட்டேன்.

தைப்பூசத்தன்று எல்லோரும் குளித்து முடித்தும் வெந்நீர் தீரவில்லை. ஆச்சி ஈரத்தலையோடு வந்தார். "விரதத்துல இருக்கேன். இல்லேன்னா இந்த வெந்நில கோழியே உரிச்சிருவேன். ஆரு வாங்குனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் முசே எழுந்து கும்பிட்டார். "நாந்தான் ஆச்சி. ராப்பகலாத் தூங்காம அலைஞ்சு வாங்குனது."

விரலைச் சுட்டுக்கொண்டவன் பக்கத்திலேயே நிற்கிறேன்.

அன்றிலிருந்து மத்தியானமெல்லாம் அவர் குடித்தனம் மிஷினுக்கு முன்னால்தான். வருகிறவர்களுக்கு அவரே அதைச் சுற்றிக்காட்டுவார். பெயர் அவருக்கே நிலைத்தது.

போன வருஷம் மகள் வந்து அவரைப் பிரான்சுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே சுவரோரக் குழாய்களில் வெந்நீர் ஓடி, அந்தச் சூட்டில்தான் வீட்டில் மனிதர் இருக்க முடியுமாம். பழைய பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போட மகள் நினைத்திருக்கிறாள். நம்மாள் விடுவாரா? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கி, அக்கம்பக்கத்து மிஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் போன் வந்தது. முதலில் பல் தந்தியடிக்கும் சத்தம், பிறகுதான் குரல்.

"ஏம்ப்பா, இங்க எல்லா மிஷினும் ஒரே மாதிரிதான் குளிருது. எதுன்னு எடுக்கத் தெரியல. எனக்கு வேர்வையே நின்னுபோச்சுப்பா."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

"முசே, மொதல்ல எந்திரிச்சு உள்ள போங்க. மிஷின் போட்டிருக்கிற வீடுகளுக்குள்ள போயி உக்காருங்க. எந்த வீட்ல தூக்கம் வருதோ, அதே மிஷின வாங்குங்க."

அப்படியே வீடு வீடாக விருந்தாளியாகப் போய் சோபாவில் சாய்ந்து பார்த்திருக்கிறார். ஒரு வீட்டில் சாப்பாட்டுக்கு எழுப்பியும் எழுந்திருக்கவில்லையாம். அந்த மிஷினையே வாங்கினார்கள்.

அப்பா தேர்ந்தெடுத்தது என்று மகள் எல்லோரிடமும் சொல்கிறாளாம். முசே மறுக்கவில்லை. அவர் என்றைக்கு மறுத்தார்? ஆகவே அச்சிலேயே கேட்கிறேன். சைகோன் மிஷினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், முசே. ஆனால் அந்தப் பிரான்சு வீட்டில் உங்களுக்கு மறுபடியும் வேர்த்தால், அதில் ஒரு சொட்டாவது என்னால் வந்தது என்று மகளிடம் சொல்லிவிட வேண்டும்.