கறுக்காத பாட்டில்

ஷோல்பானின் பாட்டிலில் கறுப்பு வெளுத்துக்கொண்டே வந்தது. எண்ணெய்க் கிணற்றுக் குழாயில் பிடித்து, பெற்ற பிள்ளை மாதிரி அவள் வளர்த்த கிருமிகள். உயிரோடிருந்தால் கூமுட்டை நாற்றம் அடிக்கும், பாட்டில் மை போலக் கறுக்கும். இப்போது நாற்றமும் இல்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கம்பெனி இயக்குநர் வருகிறார். செத்த கிருமியைக் காட்டினால் ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடிவிடுவார்.

"வெளிக்கிருமி ஏதோ பூந்திருக்கு" என்று மருந்தை ஊற்றினாள்.

பாட்டில் இன்னும் வேகமாகத் தெளிந்தது. கிருமியின் மரபணுவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சம்மணமிட்டுத் தூங்கிய வைரஸ் ஒன்று, மருந்து பட்டதும் விழித்து, வீட்டுக்காரனையே தின்றுகொண்டிருந்தது. பாவம், அது அவளுக்குத் தெரியாது.

பக்கத்து அறை எர்மெக்கிடம் ஓடினாள்.

"தம்பி, உன் கிருமியில கொஞ்சம் குடுடா."

"அலமாரியில இருக்குக்கா, எடுத்துக்க. பத்திரம்!"

குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் செய்யும் வீட்டில் பிறந்தவள். பழசில் ஒரு கரண்டி விடாமல் புதுசைத் தொடங்க அவளுக்குக் கை வராது. அலமாரியிலிருந்த அத்தனை பாட்டிலுக்கும் தன் பாட்டிலிலிருந்து உறை குத்தினாள்.

மறுநாள் அத்தனையும் பளிங்காகத் தெளிந்து கிடந்தன.

"மொத்த வம்சத்தையும் கருவறுத்துட்டியேக்கா! இரு, இயக்குநர்கிட்டயே சொல்றேன்!" என்று எர்மெக் போனை எடுத்தான்.

தடயமே இருக்கக் கூடாதென்று ஷோல்பான் எல்லாப் பாட்டிலையும் ஆவியில் வேகவைத்துக் கழுவி ஊற்றினாள். வெறும் தண்ணீரில் கறுப்பு மையைக் கலந்து நிரப்பினாள். வாசனைக்கு இரண்டு கூமுட்டையையும் உடைத்து ஊற்றி மூடியபோது, வாசலில் கார் நின்றது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார் மனுஷர்.

இயக்குநர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"தெளிஞ்சுடுச்சுன்னு எர்மெக் சொன்னானே?"

"புரளிங்கய்யா. அமோகமா இருக்கு. ஒண்ணுகூடச் சாகல."

"ஒண்ணுகூடவா?"

"சத்தியமாய்யா."

இயக்குநர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஷோல்பான் பயந்துபோய்க் கதவருகே நின்ற டிரைவரைப் பார்த்தாள்.

"இந்தக் கிருமி விடுற வாயு அடிச்சு நேத்துகூடக் கிணத்துல ரெண்டு பசங்க செத்துட்டானுங்கக்கா" என்றான் அவன். "அதைக் கொல்ற தண்ணி உங்க பாட்டில்ல இருக்குன்னு நம்பித்தான் ஓடி வந்தோம்."