நாற்பத்தேழு மாடி இறங்கி வந்த சம்மதம்

சிட்னி,
18-10-1976

அன்பும் பண்பும் அளவில்லாத பொறுமையும் உடைய மைத்துனர் திரு. பழனிசாமி அவர்களுக்கு ஈஸ்வரமூர்த்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா நாகலட்சுமியும் மகள் பத்மாவும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும், உன் மகன் சேகரின் சுகத்துக்கும், கரூர் ஜவுளிக்கடையின் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். முப்பது வருஷமாக 'பழனிசாமிக்கு' என்று மொட்டையாக எழுதிவந்த மனுஷன் இன்றைக்கு 'திரு'வும் 'அவர்களும்' போடுகிறானே, ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று நீ நினைப்பாய். இருக்கிறது. உட்கார்ந்து படி. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன், பத்மா டாக்டர் வேலைக்கு இந்த ஊருக்குக் கிளம்பியபோது, உன் வீட்டுக் கூடத்தில் வைத்து, 'என் பெண் உன் பையன் சேகருக்குத்தான்' என்று நான் வாக்குக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். எனக்கும் நினைவிருக்கிறது. அதனால்தான் இந்தத் தையில் முகூர்த்தம் வைத்துவிடலாம் என்று பத்மாவிடம் சொல்லி முடிக்க, நீ கொடுத்த சேகரின் ஜாதகத்தையும் புகைப்படத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வந்த மூன்றாம் நாளே பத்மா என்னை உட்காரவைத்து, "அப்பா, மகேந்திரராஜான்னு ஒருத்தர். யாழ்ப்பாணத்துக்காரர், இன்ஜினீயர். அவரைப் பார்த்துட்டு அப்புறம் கோவிச்சுக்குங்க" என்றாள். நான் பார்க்காமலே கோவித்துக்கொண்டேன். மூன்று வாரம் கோவித்துக்கொண்டேன். கடைசியில், நேரில் போய் நாலு பேர் முன்னால் சேகரின் படத்தை மேஜைமேல் வைத்து, 'இவன்தான் என் மருமகன், நீங்கள் நல்லபடியாகப் போய் வாருங்கள்' என்று மரியாதையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, போகச் சம்மதித்தேன். உன் பக்கம் எவ்வளவு உறுதியாக நின்றேன் என்பதை நீ இந்த இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இனிமேல் குறித்துக்கொள்ள அதிகம் இருக்காது.

பையன் வீட்டார் கூப்பிட்ட இடம் வீடு இல்லை. இந்த ஊரில் ரொம்ப உயரமான கட்டிடம் ஒன்று. ஆஸ்திரேலியா ஸ்குவேர் என்று பெயர். ஸ்குவேர் என்றால் சதுரம் என்றுதானே நம் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? கட்டிடம் உருளைபோல முழு வட்டம். ஐம்பது மாடி. நாற்பத்தேழாவது மாடியில் ஓர் ஓட்டல். வெள்ளிக்கிழமை மத்தியானம் லிப்டில் ஏறினோம். கதவு மூடியது, என் காது அடைத்தது, வயிறு கீழேயே நின்றுவிட்டது, கதவு திறந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் முதல் பிளாட்பாரத்திலிருந்து மூன்றாவதுக்குப் படியேறிப் போகிற நேரத்தில் நாற்பத்தேழு மாடி. உள்ளே போனால் சுற்றிலும் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, ஆகாயம்தான். துறைமுகப் பாலம் நம் வீட்டு முறுக்கு அச்சு அளவுக்குத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாங்கோ, வாங்கோ. கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ" என்று ஒரு குரல். மகேந்திரராஜாவின் அம்மா யோகாம்பிகை அம்மாள். கண்ணைத் திறந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மஞ்சள் பையைக் கைக்கு எட்டும்படி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பையன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். ஒல்லி, உயரம், நெற்றியில் திருநீறு, நகத்தில் கொஞ்சம் சிமெண்டு. "அவன்ட கட்டிடம் அங்கால, மார்ட்டின் பிளேஸ் பக்கம் எழும்புது. இதைவிட உயரம். இப்ப அம்பதாம் மாடியில நிக்கிறான்" என்றார் அந்த அம்மாள். எதிரே உட்கார்ந்திருக்கிறவனை ஐம்பதாம் மாடியில் நிற்கிறான் என்கிறாரே என்று எனக்குக் குழப்பம். வேலை அந்த மாடி வரைக்கும் வந்திருக்கிறது என்பதை அவர்கள் அப்படிச் சொல்லுவார்களாம். இப்படியே பத்து நிமிஷம் போனது. சரி, விஷயத்துக்கு வருவோம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதோ பாருங்கம்மா, உங்ககிட்ட ஒரு படம் காட்டணும்" என்று ஜன்னல் பக்கம் கையை நீட்டினால், பழனிசாமி, பை இல்லை!

அந்த ஓட்டலின் தரை சுற்றுகிறது, ஐயா! மேஜை, நாற்காலி, சாப்பிடுகிறவர்கள், சாப்பாடு எல்லாம் சேர்ந்து மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடியும் ஜன்னல் விளிம்பும் மட்டும் நின்ற இடத்தில் நிற்கின்றன. ஒரு சுற்றுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் ரயில்வே உத்தியோகத்தில் பிளாட்பாரத்தில் நின்று ரயில் போவதைப் பார்த்தவன் நான். பிளாட்பாரம் கிளம்பிப் போய் நான் பார்த்ததில்லை. நம் பை அதற்குள் நாலு மேஜை பின்னால் போய்விட்டது. அந்த மேஜையில் ஏதோ ஒரு தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு குடும்பம் கூடியிருந்தது. கேட்பாரில்லாத பை தானாக ஊர்ந்து வருகிறதே, யாருடையதோ என்று நல்லெண்ணத்தில் திறந்து, சேகரின் படத்தை எடுத்து, இந்தப் பிள்ளை யார் என்று பக்கத்து மேஜையில் விசாரித்திருக்கிறார்கள். அவர்கள் அடுத்த மேஜையில் கொடுத்திருக்கிறார்கள். பூச்சாடிமேல் கை வைத்துச் சேகர் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படம், பத்துப் பன்னிரண்டு மேஜை போய், எல்லா வெள்ளைக்காரப் பாட்டிகளும் பார்த்து, அழகான பையன் என்று சொன்னார்களாம். இதைச் சேகரிடம் அவசியம் சொல்லவும்.

நான் பையைப் பிடிக்க எழுந்து ஓடினேன். ஓட்டலின் நடுப்பகுதி சுற்றாது, ஓரம்தான் சுற்றும். ஒரு கால் நடுவில், ஒரு கால் ஓரத்தில் வைத்து நான் யோசித்துக்கொண்டு நின்றபோது, என் இரண்டு கால்களும் தனித்தனியாகப் பயணம் புறப்பட்டன. கண்ணாடிக்கு வெளியே ஒரு பறவை எனக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது. பறவையைக் குனிந்து பார்க்கிற உயரத்தில் மனுஷன் நிற்கலாமா? தலை கிறுகிறுத்து, அப்படியே அசையாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டலே என்னைப் பார்த்தது. அப்போது என் முழங்கையை ஒரு கை பிடித்தது. "ஐயா, பயப்பிடாதேங்கோ. ரெண்டு காலையும் ஒரே பக்கம் வையுங்கோ" என்றான் மகேந்திரராஜா. வைத்தேன். அவன் சிரிக்கவில்லை, பழனிசாமி. நானாயிருந்தால் சிரித்திருப்பேன். என்னை உட்காரவைத்து, மேஜை மேஜையாகப் போய்ப் பையையும் படத்தையும் வாங்கிவந்து, படத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்து, "ஒராள் இதில தண்ணி சிந்திப்போட்டார். கவனமா வையுங்கோ" என்று நீட்டினான். படத்தின் பின்பக்கம் நீ கொட்டை எழுத்தில் 'பத்மாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்தப் பக்கம்தான் மேலே இருந்தது.

என்னால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. போகலாம் என்றேன். ஆனால் லிப்டில் காலை வைக்க மாட்டேன் என்றேன். நாகலட்சுமி, "அப்ப இங்கேயே சுத்திக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு, பத்மாவையும் அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு லிப்டில் இறங்கிவிட்டாள். மகேந்திரராஜா படிக்கட்டுக் கதவைத் திறந்தான். "வாங்கோ ஐயா, நான் கூட வாறன்." தீப்பிடித்தால் இறங்குகிற படிக்கட்டு அது. ஜன்னல் இல்லை, சிமெண்டுச் சுவர், எனக்குச் சொர்க்கமாக இருந்தது. நாற்பதாவது மாடியில், "எனக்காக ஏன் தம்பி நடக்கிறீங்க?" என்று கேட்டேன். "நான் தினமும் நடக்கிறனான். எங்கட கட்டிடத்தில லிப்ட் இன்னும் பூட்டேல்லை" என்றான். பூட்டாவிட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று கேட்டேன். அப்போதும் அவன் சிரிக்கவில்லை. 'பூட்டுறது' என்றால் அவர்கள் பேச்சில் பொருத்துவது என்று பொறுமையாக விளக்கினான். முப்பத்தைந்தாவது மாடியில் என் முழங்கால் கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் படியில் உட்கார்ந்தோம். மறைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டேன்: "தம்பி, அந்தப் படத்துல இருக்கிறவன் என் மைத்துனர் பையன். பத்மாவை அவனுக்குத் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"ஓம், பத்மா சொன்னவ" என்றான்.

"சொன்னாளா? தெரிஞ்சுதான் வந்தீங்களா? பின்னே எதுக்கு வந்தீங்க?"

"அப்பா சொன்ன சொல்லு மாறவே மாட்டார் எண்டும் சொன்னவ. அப்பிடி ஒராளை ஒருக்காக் கண்டு கதைச்சிட்டுப் போவமெண்டுதான் வந்தனான். பெண் தருவியள் எண்டு நம்பி வரேல்லை."

எழுந்து மேலும் பத்து மாடி இறங்கினேன். இருபத்தைந்தாவது மாடியில் வாய் சும்மா இராமல், "நீங்க கட்டுற அந்தக் கட்டிடம் இவ்வளவு உசரமாச்சே, காத்தடிச்சா ஆடாதா?" என்று கேட்டேன். "ஆடும் ஐயா. உச்சியில ஒரு சாண் மட்டுக்கு ஆடும். ஆடாட்டி முறிஞ்சு போகும். ஆட இடம் விட்டுத்தான் கட்டுறது" என்றான். கட்டிடத்தைப் பற்றித்தான் சொன்னான். அவனுக்கு வேறு நினைப்பு இல்லை. ஆனால் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூடச் சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயருக்காக என் பெண் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். இருபத்து மூன்றாவது மாடியில் நான் ஒரு சாண் ஆடினேன். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன். அவன் இரண்டு படி தவறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னனீங்கள்?" என்றான். தினமும் ஐம்பது மாடி ஏறுகிறவன், அந்த இடத்தில் விழப் பார்த்தான்.

இதற்குள் பத்தொன்பதாவது மாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு டைப்பிஸ்ட் பெண் எட்டிப் பார்த்தாள். வேட்டி கட்டிய கிழவர் ஒருவர் மஞ்சள் பையோடு வேகமாக இறங்குவதைப் பார்த்ததும், தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்; அவள் பின்னால் இன்னும் நாலு பேர். இல்லையம்மா, கல்யாணம் என்று மகேந்திரராஜா இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். அதைக் கேட்டபின் யாரும் திரும்பிப் போகவில்லை. வழியில் சில மாடிகளில் ஒருவர் இருவராக இன்னும் சேர்ந்தார்கள். தரைக்கு வந்தபோது எங்களுக்குப் பின்னால் பதினாறு பேர் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். என் கல்யாணத்துக்குக்கூட விருத்தாசலத்தில் இவ்வளவு பெரிய மாப்பிள்ளை அழைப்பு நடக்கவில்லை.

கீழே உன் அக்காவும் அந்த அம்மாளும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சுவாங்கிக்கொண்டு, "நாகலட்சுமி, நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். "வந்துட்டீங்களா? தை பன்னெண்டாந்தேதி. உங்களுக்குச் சவுகரியந்தானே?" என்றாள். பத்மா அழுதாள், சிரித்தாள், நடுத்தெருவில் என் காலில் விழுந்தாள். காலை மட்டும் தொடாதேம்மா என்று கத்தினேன்; அவ்வளவு வலி.

பழனிசாமி, உனக்குக் கொடுத்த வாக்கை மாற்றிவிட்டேன். சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீ திட்டி எழுது. ஊர் திரும்பியதும் நேரில் வந்து நிற்கிறேன், அப்போதும் திட்டு. பெண்ணின் முகத்தைப் பார்த்தபின் என்னால் வேறு மாதிரி செய்ய முடியவில்லை. சேகருக்கு நல்ல இடத்தில் பெண் அமையும். அதற்கு நானே அலைவேன், ஒற்றை மாடி வீடுகளில் மட்டும். உன் குடும்பத்தார் அனைவருக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், நீ என்னை மன்னிப்பதற்குள் அவ்வளவு காலம் ஆனாலும்.

இப்படிக்கு,
வெட்கத்துடனும் மிகுந்த சந்தோஷத்துடனும்
உன் அத்தான்
ஈஸ்வரமூர்த்தி

பின்குறிப்பு: மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய இந்தக் கடிதத்தை உறையில் போடுமுன் நாகலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொட்டாவி விட்டு, "இதை நான் தம்பிக்குப் போன மாசமே எழுதிட்டேனே" என்று சொல்லி, அரிசி டப்பாவிலிருந்து நீ அவளுக்கு எழுதிய பதிலை எடுத்துக் கொடுத்தாள். படித்தேன். சேகருக்கு டாக்டர் பெண் என்றாலே ஊசி ஞாபகம்தான் வருகிறது என்றும், யாழ்ப்பாணத்துப் பையனுக்கே முடித்துவிடும்படியும், 'ஆனால் அத்தான் தானாக முடிவு செய்ததுபோல இருக்கட்டும் அக்கா, ஏதாவது உயரமான இடமாகப் பார்த்துக் கூட்டிப் போ, பயத்தில் சம்மதித்துவிடுவார்' என்றும் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய எதையும் நீ படிக்க வேண்டாம். திருவையும் அவர்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டேய் பழனிசாமி, முழங்கால் வலிக்கு என்ன தைலம் தடவுவது என்று மட்டும் உடனே எழுது.