உப்பு அண்ணாச்சியின் கடைவாய்ப்பல்

எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கம் தாலி இல்லாமல்கூடக் கல்யாணத்தை நடத்திவிடலாம், உப்பு அண்ணாச்சி இல்லாமல் நடத்த முடியாது. ரப்பர் ஷீட் வியாபாரம் அவருக்குத் தொழில். ஊர்க் கல்யாணங்களில் சமையல் நடக்கும் ஆக்குப்புரைகளில் உப்புப் பார்ப்பது உத்தியோகம். யாரும் நியமித்ததில்லை. பந்திக்கு முன் உள்ளங்கையை நீட்டுவார். அதில் விழும் எரிசேரியை நக்கிக் கண்ணை மூடுவார். அவர் தலையாட்டும்வரை மாப்பிள்ளையும் பட்டினிதான்.

போன வருடம் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனல் செய்து, மேலே கேப் என்று ஒரு மூடி போட்டார்கள். "நரம்ப எடுத்தாச்சு மக்கா, பல்லு செத்தாச்சு. இனி நோவே கெடையாது" என்று எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டினார்.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் சாம்பாரை நக்கியவர் முகம் சுளித்தார். உப்பு கூடிவிட்டதாம். தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்த கல்யாணத்தில் அவியல். அதற்கடுத்ததில் பாயசமே உப்புக் கரிக்கிறது என்றார். எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்? தன் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஊரே சப்பென்ற சோற்றைத் தின்றது. பிரஷருக்கு நல்லது என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பாராட்டவும் செய்தார்.

அடி விழுந்தது சமையல்காரர் தங்கப்பனுக்கு. கைப்பக்குவம் போய்விட்டது என்று பேச்சுக் கிளம்பி, பேசிவைத்த கல்யாணங்கள் வேறு ஆளுக்குப் போயின. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கரண்டியோடு வந்து வழிமறித்தார்.

"வாயத் தொறயும் அண்ணாச்சி."

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், கேப் போட்ட பல்லின் ஈறில் ஒரு கொப்புளம், அதிலிருந்து சீழ் கசிகிறது. பல் டாக்டர் எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றியிருந்த கருப்பு வட்டத்தைக் காட்டினார். செத்த பல்லில் எப்படிச் சீழ் வரும் என்று அண்ணாச்சி வாதாடினார். செத்தது பல்லின் நரம்புதான், வேர் நுனியில் கிருமி உயிரோடு இருக்கிறது, சீழ் வடிந்துகொண்டே இருப்பதால்தான் வலிக்கவில்லை, கரிப்பும் அதனால்தான் என்றார் டாக்டர். கேப்பைக் கழற்றி வேரை மறுபடி சுத்தம் செய்ததும் கொப்புளம் வற்றியது.

அண்ணாச்சியும் வற்றிப்போனார். குற்றம் தங்கப்பன் கையில் இல்லை, தன் பல்லில் என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு, ஆக்குப்புரைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்.

என் மகள் கல்யாணத்துக்குத் தங்கப்பன்தான் சமையல். அண்ணாச்சி பந்தலின் ஓரத்தில் யாரோ போல உட்கார்ந்திருந்தார். தங்கப்பன் கரண்டியோடு நேரே அவரிடம் வந்தார்.

"கைய நீட்டும். நீரு பாக்காம நான் எல போட விடமாட்டேன்."

அண்ணாச்சி கையை நீட்டி, நக்கி, கண்ணை மூடினார்.

"உப்பு ஒரு பொடி குறவு."

நான் முன்பே ருசி பார்த்திருந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது, தங்கப்பனுக்கும் அது தெரியும். இருந்தும் போய் ஒரு கை அள்ளிப் போட்டார். அன்றைக்கு எல்லோரும் கரிக்கக் கரிக்கச் சாப்பிட்டோம். அண்ணாச்சி இல்லாத பந்தியை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.