பதினோரு மணிப் பம்பு

"எறக்கு. எல்லாத்தையும் எறக்கு," என்றார் தனகோட்டி.

சின்னப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மகள் பவித்ரா காற்று சிலிண்டர், மிதவை ஜாக்கெட், முங்கும்போது இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி, ரப்பர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கரையில் எடுத்து வைத்தாள்.

பழைய சுரங்கக் குழியில் தேங்கிய தண்ணீர் அது. அடியில் கிடக்கும் பம்புக் குழாயின் வாயைச் சேறு அடைத்திருக்கிறதா என்று முங்கிப் பார்த்துச் சொல்லவேண்டும். பாண்டிச்சேரியில் முங்கப் படித்துவிட்டு வந்த பவித்ராவுக்கு இதுதான் முதல் வேலை. நன்றாக முடித்தால் வருஷம் முழுக்கக் காண்ட்ராக்ட். ஆனால் பதினோரு மணிக்குப் பம்பு மறுபடி ஓடும், அதன்பிறகு யாரும் இறங்கமுடியாது என்று பம்பு ஆபரேட்டர் கலியன் காலையிலேயே சொல்லியிருந்தான்.

அந்தப் பதினோரு மணியைத்தான் தனகோட்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'வேண்டாம்மா' என்று ஒரு மாதமாகச் சொல்லித் தோற்றாயிற்று. டூல் ரூமில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நீச்சல் தெரியாது. பெற்ற பெண் அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சாமான் அடுக்கித் தருகிறேன் என்று கூட வந்ததே, அடுக்கி அடுக்கி நேரத்தைக் கடத்தத்தான்.

போன் அடித்தது. மனைவி சாமியம்மாள்.

"எறங்கிட்டாளா?"

"எறங்கமாட்டா. நீ சும்மா இரு," என்றார் கிசுகிசுப்பாக.

"அவ எறங்கினா நீங்க வூட்டுக்கு வராதீங்க."

தாறுமாறாக அடுக்கிவைத்தால் இன்னொரு தடவை இறக்கலாம். அந்த எண்ணத்தில் ஈயக்கட்டிகளை ஓர் ஓரமாகப் போட்டார். கை கேட்கவில்லை. ஸ்பேனர்களை அளவுவாரியாகத் தொங்கவிட்டே பழகிய கை அது. கட்டிகளை எடுத்துப் படகின் நடுவில், அடியில் பரப்பிவிட்டது. படகு நேராக நின்றது.

"சூப்பர்ப்பா," என்றாள் பவித்ரா.

அவர் சட்டென்று சிலிண்டரைக் காட்டினார். "சிலிண்டர் உருளுதே. இப்படியேவா போவ? எறக்கு."

சிலிண்டர்களைப் படுக்கவைத்துக் கட்டையால் அண்டைகொடுத்தார். பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் அறுத்து இழுத்துக் கட்டினார். உதைத்துப் பார்த்தார், அசையவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே தன்மேலேயே கோபம் வந்தது.

"மொதல்ல மாட்டுறது எது?"

"ஜாக்கெட்."

"அது அடியில கெடக்குது. கடைசியா வேண்டியது மேல இருக்குது. எறக்கு."

வேறு பெண்ணாக இருந்தால் இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பாள். இவள் அவர் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் வளர்ப்பு அப்படி என்று தனகோட்டி நினைத்துக்கொண்டார். பவித்ராவோடு சேர்ந்து இறங்கவேண்டிய மணிமொழியோ பம்பு ஷெட் நிழலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

குழாய் மடங்காமல் வளையமாகச் சுற்றினார். முங்கும்போது மாட்டும் முகக் கண்ணாடியில் கீறல் விழக்கூடாது என்று தோள்துண்டை எடுத்து அதைப் பொதிந்து வைத்தார். எல்லாம் நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தபோது மணி பதினொன்று.

"அடடா," என்றார், முகத்தை நன்றாகத் தொங்கப்போட்டுக்கொண்டு. "நேரமாயிடிச்சேம்மா. என்ன பண்றது, இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

பவித்ரா படகை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். ட்யூப் கட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஷெட் பக்கம் திரும்பினாள்.

"மணி, எழுந்திருடி. எல்லாம் ரெடி."

தனகோட்டி ஷெட்டை நோக்கி ஓடினார். கலியன் ஸ்டூலில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான்.

"கலியா, மணி ஆயிடிச்சுப்பா. பம்பைப் போடலியா?"

கலியன் கொட்டையை நிதானமாகத் துப்பினான்.

"அது சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தாங்க. ஒங்ககிட்ட மட்டும் பதினொன்னுன்னு சொல்லச் சொல்லிச்சு பாப்பா. 'எங்கப்பா அடுக்கிக் குடுத்தா எதுவும் நவுராது, ஆனா நேரா கேட்டா தொடக்கூட மாட்டாரு'ன்னு நேத்தே சொல்லி சிரிச்சிகினு இருந்திச்சுங்க."