கழட்டிக்கொழுவி அண்ணையும் திறக்காத பென்னும்

வடமராட்சியில் கணனியை "நீங்கள்" என்று மரியாதையாக அழைத்த ஒரே மனிதர் எங்கள் அச்சகத்துக் கழட்டிக்கொழுவி அண்ணைதான். வடமராட்சி என்று அடக்கத்துக்காகச் சொல்கிறேன். உலகத்திலேயே என்று சொன்னாலும் மறுத்துக்கொண்டு வர ஆளிருக்காது.

நெல்லியடிச் சந்தைக்குக் கிட்ட இருந்த அந்த அச்சகத்தில் நான் பிழை திருத்துகிற வேலையில் இருந்தேன். அண்ணை கணனியில் பக்கம் அமைக்கிறவர். எந்த மெசின் மக்கர் பண்ணினாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். வயரைக் கழட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். திரும்பக் கொழுவுவார். பாதி நேரம் அது வேலை செய்துவிடும். மீதி நேரம் "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேணும்" என்று தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டு மறுபடி கழட்டுவார். பெயர் அப்படித்தான் வந்தது.

இந்த வைத்தியத்தை அவர் மெசின்களோடு நிறுத்தவில்லை என்பதுதான் பிரச்சினை. புத்தகம் கட்டுகிற அக்கா ஒருநாள் புருஷனோடு சண்டை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்ச நாளைக்குத் தாய் வீட்டை போய் நிண்டுட்டுத் திரும்பிப் போங்கோ அக்கா. கழட்டிக் கொழுவினால் சரி வரும்" என்றார். அக்காவும் போனார். திரும்பியும் வந்தார், தாயையும் கூட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு அந்தப் புருஷன் எங்கள் அச்சகப் பக்கம் வந்தால் அண்ணை பின்கதவால் போய்விடுவார்.

நெஞ்சு நோகிறது என்று ஒருமுறை அண்ணையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து உடம்பெல்லாம் வயர் பூட்டினார்கள். மெசின் கோடு போடவில்லை. படுத்திருந்த நோயாளி எழும்பி உட்கார்ந்து, "மிஸ், ஒருக்கால் கழட்டிக் கொழுவிப் பாருங்கோ" என்றாராம். அந்த நேர்ஸ் ஒவ்வொரு வயராகப் பார்த்துக்கொண்டு வந்தால், குளிருது என்று ஒன்றை இவரே ஏற்கெனவே கழட்டிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அவருடைய கணனி பழசு. யாரோ கொழும்பில் பாவித்துக் கழித்தது. புதிது வாங்காததற்கு முதலாளி சொன்ன காரணம், எங்கள் பிரிண்டருக்கு அந்தக் கணனியைத் தவிர வேறொன்றோடும் ஒத்துப்போகத் தெரியாது என்பது. அண்ணைக்கு அது "பெரியவர்". காலையில் துவாயால் துடைத்து, "எழும்புங்கோ, வேலை கிடக்கு" என்று சொல்லித்தான் சுவிட்ச் போடுவார். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்ரூடியோக்காரர் ஒருநாள் படம் ஒன்று கொடுக்க வந்தவர், பெரியவரைப் பார்த்துச் சிரித்து, "உதைப் பழைய இரும்புக்காரனிட்டைப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு முடிந்தது. அதன்பிறகு அண்ணை பஸ் ஸ்ராண்டுக்குப் போவதென்றாலும் ஸ்ரூடியோவின் முகப்பைப் பார்க்காமல் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டே போவார். ஒருமுறை அப்படிப் போய் மீன்காரரின் சைக்கிளோடு முட்டியும் இருக்கிறார். வருஷக்கணக்காக இந்த விரதம்.

அப்படி இருக்கும்போதுதான் கௌரி வந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி, முன்பக்கத்தில் ஒரு படம். எங்கள் அச்சகம் பெரும்பாலும் அதில்தான் பிழைத்தது. கௌரி தாயின் கல்வெட்டுக்காக வந்திருந்தாள். எழுத்தெல்லாம் அச்சாகத் தயார். முன்பக்கப் படம் மட்டும் மிச்சம். அதைக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பென் ட்ரைவில் கொண்டுவந்திருந்தாள்.

"இதிலை மட்டுந்தான் அம்மா இருக்கிறா" என்றாள்.

பழைய அல்பங்கள் யுத்தத்தில் குடும்பம் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோனவை. கடைசி வருஷங்களில் அவளே தன் போனில் தாயைப் படம் எடுத்திருக்கிறாள். போன் நிறைந்துவிட்டது என்று போன் கடைக்காரன் எல்லாவற்றையும் ஒரு புதுப் பென்னுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். பிறகு ஒருநாள் தண்ணீர் அள்ளக் குனிந்தபோது போன் கிணற்றுக்குள் போய்விட்டது.

அண்ணை பென்னை இரண்டு கையாலும் வாங்கினார். பெரியவரின் முன்பக்க ஓட்டையில் செருகினார். ஒரு சத்தமும் இல்லை. கழட்டினார், கண்ணை மூடினார், கொழுவினார். இல்லை. "முன்பக்கம் ஆளுக்குக் கொஞ்சம் பலவீனம்" என்று சொல்லி மேசைக்குக் கீழே புகுந்து பின்பக்கம் கொழுவினார். டிங் என்றது. கௌரியின் முகம் மலர்ந்தது. ஆனால் அண்ணை பென்னைத் திறக்கப் போனால், திரையில் ஒரு பெட்டி எழும்பி நின்றது. இந்த டிஸ்க் போமாட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. இல்லை என்று கொடுத்துவிட்டு, பெரியவரையே நிறுத்தி எழுப்பிப் பார்த்தார். அதே பெட்டி. அதே கேள்வி.

முதலாளி பொறுமை இழந்து வந்தார். பிரிண்டர் சும்மா நின்றால் அவருக்குக் காய்ச்சல் வரும்.

"அடையாள அட்டைப் படம் இருக்குத்தானே பிள்ளை. அதைப் பெருப்பிச்சுப் போடுவம்."

"அதிலை அம்மா ஆரோ ஏசினமாதிரி முழிச்சுக்கொண்டு இருக்கிறா ஐயா. அவ அப்பிடி ஆளில்லை" என்றாள் கௌரி. குரல் உடைந்துவிட்டது.

முதலாளி மனம் இளகித் திரையைப் பார்த்தார். உதவி செய்யவேண்டும் என்ற நல்லெண்ணம் அவருக்கு வந்தது. ஆபத்து எப்போதும் அந்த எண்ணத்தோடுதான் வரும். "செய்யவோ எண்டு கேக்குது. ஓம் எண்டு குடுங்கோவன்" என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார்.

அண்ணை கீபோர்ட்டைப் பிடித்து இழுத்தார். பின்னாலிருந்த வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. கீபோர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு போய் நின்றார்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் முதலாளி.

"ஓம் எண்டு குடுத்தால் உள்ளை இருக்கிற முழுவதும் போயிடும்."

"உள்ளை ஒண்டுமில்லை எண்டுதானே அது சொல்லுது!"

"இல்லை முதலாளி. தனக்கு வாசிக்கத் தெரியேல்லை எண்டதை அவர் அப்பிடிச் சொல்லுறார். இது புது மாதிரிப் பென். இவரின்ரை காலத்திலை அந்த மாதிரி இல்லை. புதுக் கொம்பியூட்டர் எண்டால் திறக்கும்."

அந்தப் பேச்சை நான் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். நமக்கு விளங்காத ஆட்களை எத்தனை சுலபமாக, ஒன்றுமில்லாதவர்கள் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த நேரம் நான் நினைத்தது வேறு. பெரியவரால் ஏலாது என்று அண்ணை வாய்விட்டுச் சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

புதுக் கணனி யாரிடம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் வாசலால் தெருவின் மற்றப் பக்கத்தைப் பார்த்தோம். பார்த்துவிட்டு அண்ணையைப் பார்த்தோம். கௌரிக்கு மட்டும் விஷயம் தெரியாது. "அங்கை கேட்டுப் பாப்பமோ?" என்றாள்.

அண்ணை மேசைக்குக் கீழே புகுந்து பென்னைக் கழட்டி எடுத்தார். பிறகு, "வாங்கோ பிள்ளை" என்று இறங்கினார். பருத்தித்துறை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து நிற்க, நேராகத் தெருவைக் கடந்தார். நானும் பின்னால் போனேன். ஸ்ரூடியோ வாசலில் நின்றபோதுதான் கவனித்தேன், கீபோர்ட் இன்னும் அவருடைய கக்கத்துக்குள் இருந்தது. வயர் வால்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ரூடியோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கீபோர்ட்டையும் பார்த்தார். "என்ன, விக்க வந்தனீரோ?"

வேறொரு நாளாக இருந்தால் அண்ணை திரும்பியிருப்பார். அன்றைக்கு நேரே உள்ளே போய், "எங்கடையாலை ஏலாமக் கிடக்கு. உங்கடையிலை ஒருக்கால் பாக்கவேணும். இந்தப் பிள்ளையின்ரை தாயின்ரை படம்" என்றார்.

ஸ்ரூடியோக்காரர் கதிரையை விட்டு எழும்பி லப்டொப்பைத் திருப்பி வைத்தார். பென்னைச் செருகினார். கழட்டவும் இல்லை, பொறுக்கவும் இல்லை. உடனே திறந்தது. ஒரு படத்தைத் தொட்டார்.

கிணற்றடியில் ஒரு அம்மா குந்தியிருந்தார். முழங்கை வரைக்கும் பனம்பழக் களி, மஞ்சளாக. கன்னத்திலும் ஒரு தீற்று. முன்பல் ஒன்று இல்லை. அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கௌரி திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ஆர் எடுத்தது?" என்றார் ஸ்ரூடியோக்காரர்.

"நான்தான்."

"இப்பிடி ஒராளைச் சிரிக்கவைக்க என்னாலை ஏலாது பிள்ளை. நான் சிரியுங்கோ எண்டால் சனம் பயந்துபோய் நிக்கும்." பிறகு மெதுவாக, "கையிலை கிடக்கிற களியைத் துடைச்சு விடட்டோ? கொம்பியூட்டரிலை செய்யலாம்" என்று கேட்டார்.

"வேண்டாம். களி இருக்கட்டும்."

ஸ்ரூடியோக்காரர் மேசை லாச்சியைக் கிண்டி ஒரு பழைய சின்னப் பென்னை எடுத்து, பெரியவருக்குத் தெரிந்த பழைய முறையில் அதைப் போமாட் செய்து, படங்களை அதில் போட்டுக் கொடுத்தார். கௌரி கேட்காமலே தன் கணனியிலும் ஒரு பிரதி வைத்தார். "உங்கடை ஆள் இதைத் திறப்பாரோ?" என்று அண்ணையைக் கேட்டார். இரும்பு என்று சொல்லவில்லை, ஆள் என்றார். அண்ணை அதைக் கவனித்தார் என்பது அவர் காது சிவந்ததில் தெரிந்தது.

"திறப்பார். உவ்வளவு போதும் அவருக்கு" என்றார்.

பெரியவர் திறந்தார். அன்று பின்னேரமே முன்பக்கம் அச்சாகியது.

வீட்டுக்கிருத்தியத்துக்கு நாங்களும் போனோம். கௌரியின் பெரியப்பா கல்வெட்டைத் தூரப் பிடித்துப் பார்த்து, "கல்வெட்டுக்கு ஆரும் பல்லுத் தெரியிற படம் போடுவினமோ?" என்று தொடங்கினார். ஆனால் அதற்குள் பந்தலில் ஒரு சலசலப்பு. பக்கத்து வீட்டு மனிசி படத்தைப் பார்த்து, அவவின் பனங்காய்ப் பணியாரத்தைத் தான் களவெடுத்துத் தின்ற கதையைச் சொல்லத் தொடங்க, இன்னொருவர் தன் கதையைச் சொல்ல, துக்க வீடு சிரிப்பும் கண்ணீருமாகப் போய்விட்டது. பெரியப்பாவும் கடைசியில் ஒரு கதை சொன்னார். அதுதான் நீளமானது.

அண்ணை ஒரு மூலையில் நின்று கல்வெட்டின் முன்பக்கத்தைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அவவைத் தெரியுமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"முந்தித் தெரியாது தங்கச்சி" என்றார்.

அச்சகத்துக்குப் பிறகு புதுக் கணனிகள் வந்தன. நான் வேறு வேலைக்குப் போனேன். அண்ணை இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறார். சனிக்கிழமைகளில் போன் எடுத்து, ஒரு காரணமும் இல்லாமல் கொஞ்ச நேரம் கதைப்பார். என் போனில் ஓட்டோ அண்ணை, கரண்ட் அண்ணை, காஸ் அண்ணை, தேங்காய் அண்ணை என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. இவருடைய நம்பருக்கு மட்டும் முன்னால் ஒன்றும் போடவில்லை. வெறும் "அண்ணை" என்றுதான் போட்டிருக்கிறேன்.